நீர் போகும் வழி

1808-ஆம் வருஷத்தில், நம் தேசத்தை அளக்க வந்த லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் பட்டாள உத்தியோகஸ்தர், அரை டன் எடையுள்ள தியோடலைட் யந்திரமொன்றைத் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின் மீது ஏற்ற முயன்றார். கயிறு அறுந்தது, யந்திரம் சுவரில் மோதிச் சேதமுற்றது. கோபுரத்தை நாட வேண்டிய அவசியம் என்ன? காவிரிச் சமவெளியில் நின்று பார்க்க ஒரு குன்றும் இல்லை. அந்தச் சமதரையே தஞ்சைத் தரணியின் செல்வம். அடைமழைக் காலத்தில் அதுவே அதன் துயரம்.

மேட்டூர் அணை எப்பொழுது திறக்கும் என்று நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். நீர் வரும் வழியைப் பற்றிப் பேசும் நாம், நீர் போகும் வழியைப் பற்றிப் பேசுவதுண்டா? நாகப்பட்டினம், திருவாரூர் ஜில்லாக்களின் கடைமடைக் குடியானவரைக் கேளுங்கள். கோடையில் நீரின்றி வாடுபவரும் அவரே. கார்த்திகையில் நீரில் மூழ்குபவரும் அவரே. 2021 ஜனவரியில் பருவந்தப்பிய பெருமழையால், அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் டெல்டாவில் சாய்ந்து அழுகியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிய வடிகால், பெயருக்குத்தான் வடிகால்.

நிற்க. லாம்ப்டன் கோபுரமேறித் தேடிய உயரத்தை இன்று ட்ரோன் என்னும் சிறிய ஆளில்லா விமானம் சில நிமிஷங்களில் எட்டுகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அது எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைக் கணக்கிட்டுச் சேர்த்தால், வயலின் மேடு பள்ளங்கள் ஓரிரு அங்குலப் பிழைக்குள் தெரியவரும். அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் சர்க்கார் விவசாய ஆராய்ச்சியாளர்கள், மண்ணுக்குள் புதைந்து இடம் மறந்துபோன வடிகுழாய்களையே, உஷ்ண வேற்றுமையைப் பதியும் காமிராவைக் கொண்டு ட்ரோனிலிருந்து கண்டறிந்து, 2018-ல் முடிவுகளை வெளியிட்டனர். நம் வடிகால்களோ திறந்த வெளியில் கிடக்கின்றன. அவற்றைக் காண நமக்குத் தடை யாது?

யந்திரமே யாவும் செய்துவிடும் என்று நாம் கூறவில்லை. பயிரும் களையும் மூடிய தரையைச் சாதாரணக் காமிரா காணாது. கலங்கிய நீரின் அடியையும் காணாது. ஆதலின் சம்பா அறுவடைக்குப் பின், தரை வெறுமையாயிருக்கும்போது ஒரு முறையும், மழை விட்டவுடன் நீர் தேங்கி நிற்கும்போது ஒரு முறையும் படம் எடுத்தல் வேண்டும். முன்னது மட்டத்தைக் காட்டும். பின்னது அடைப்பைக் காட்டும். இரண்டையும் பொருத்தி வைத்துக்கொண்டு, ஊரறிந்த முதியவர் ஒருவருடன் கரையோரம் நடந்து சரிபார்த்தல் வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன்னனுமதி வேண்டியதில்லை. 2020-ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், கிராமத்து வீட்டுமனைகளைச் சர்க்காரே ட்ரோன் கொண்டு அளந்து காட்டியிருக்கிறது. மனையை அளந்த கண் வயலை ஏன் நோக்கலாகாது?

எனினும் நாம் முக்கியமாக வற்புறுத்துவது வேறொன்று. மேலூரார் வடிகாலை வெட்டிவிட்டால் அந்த நீர் கீழூராரின் வயலில் ஏறும். கீழூரார் வரப்பை உயர்த்தினால் மேலூர் மூழ்கும். படம் இல்லாதவிடத்து, குற்றம் எப்பொழுதும் அடுத்த ஊருடையது. வழக்குகள் வளரும், நீர் வடியாது. அந்தப் படம் இலாகாவின் அலமாரியில் உறங்குமாயின், பலமுள்ளவன் ஆக்கிரமிப்புக்குத் துணையாகும். பஞ்சாயத்துச் சுவரில் தொங்குமாயின், எளியவன் கைச் சாட்சியாகும். அதன்படி கடல்முகத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தூர் வாரினால், யாரும் யாரையும் மூழ்கடிக்க வேண்டியதில்லை.

அந்நியன் இந்நாட்டை அளந்தது தான் ஆள்வதற்காக. சுதந்தர நாட்டில் அளக்கும் அளவு, கடைமடைக் குடியானவன் கையில் சேரவேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் இது நடக்குமா? கிராமந்தோறும் நம் ஊழியர்கள் இக்கேள்வியை எழுப்புவார்களாக.