செயல்முறைச் சுடுதலில் சிதறு துப்பாக்கி

செயல்முறைச் சுடுதல் என்பது போட்டியாளர் இடம்பெயர்ந்தவாறே பல இலக்குகளைச் சுடும் விளையாட்டு ஆகும். இதன் பன்னாட்டுக் கூட்டமைப்பு (ஐ.பி.எஸ்.சி.) 1976 இல் ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தோற்றுவிக்கப்பட்டது.

பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தே மதிப்பெண் கணிக்கப்படுகிறது. சிதறு துப்பாக்கியில் நேரம் பெரிதும் கழிவது சுடுவதில் அன்று, குழாய் வடிவத் தோட்டாக்கூட்டை நிரப்புவதிலேயே ஆகும். தேர்ந்தவர்கள் ஒரே பிடியில் நான்கு தோட்டாக்களை எடுத்து இரண்டிரண்டாகத் தள்ளுவர். ஆகவே 12 கேஜ் அரைத் தானியங்கித் துப்பாக்கியைத் தெரிந்தெடுத்து, விதி இடமளிக்கும் அளவுக்கு நிரப்பு வாயின் விளிம்புகளை மழுக்குவது விலையுயர்ந்த உதிரிகளை விடப் பயன் தரும். குழல் முனையிலுள்ள சோக்கு மிக இறுக்கமாயின் ஒற்றைக் குண்டுத் தோட்டாவின் குறி கெடலாம்.

ஒளியியல் குறிநோக்கி, கழற்றக்கூடிய தோட்டாக்கூடு ஆகியவை திறந்த பிரிவில் ஏற்கப்படும்; சீர்தரப் பிரிவில் ஏற்கப்படா. பிரிவுக்கு ஒவ்வாத மாற்றம் கண்டறியப்பட்டால் போட்டியாளர் பொதுவாகத் திறந்த பிரிவுக்கு மாற்றப்படுவார். அங்கு தம்முடையதை விட விரைவான துப்பாக்கிகளோடு அவர் போட்டியிட நேரும்.