கொள்ளிக்காரர் பேச்சு



இன்று உங்கள் வீட்டுச் சோறு எந்த அடுப்பில் வெந்தது? காஸ் அடுப்பில் என்றால் இந்தக் கட்டுரை நமக்கல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் பத்து வீடுகளில் ஏறக்குறைய எட்டு வீடுகளில் சமையல் விறகில்தான் நடந்தது. காஸ் வைத்திருப்பவர்களிலும் எத்தனை பேர் கந்தூரிச் சோற்றுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் பின்வளவில் மூன்று கல்லை வைக்கிறார்கள்! அந்த விறகை வெட்டியவர் யார், பிளந்தவர் யார், அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

மட்டக்களப்புப் பக்கத்தில் விறகைக் ‘கொள்ளி’ என்பார்கள். கொள்ளி என்றதும் மற்ற ஊர்க்காரர்களுக்கு வேறு நினைவு வரும். இங்கே அது அன்றாடச் சொல். கொள்ளிக்குப் போவது, கொள்ளி வெட்டுவது, கொள்ளி அடுக்குவது எல்லாம் பிழைப்பு.

ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கே கடலை ஒட்டிய மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமும் உள்ள நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. எவ்வளவு அழகான பெயர்கள்! களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. அங்கே போரதீவுப்பற்றில் இருக்கிறது பழுகாமம். திரௌபதி அம்மன் கோயிலால் பேர்பெற்ற பழந்தமிழ் ஊர். காத்தான்குடி, மருதமுனை, கல்முனை போன்ற நம் ஊர்களெல்லாம் எதிர்க்கரையில், கடற்பக்கம். அங்கே தென்னை உண்டு, மீன் உண்டு, நெசவு உண்டு, கடை உண்டு, காடு இல்லை. ஆகவே நெல்லும் தயிரும் தேனும் கொள்ளியும் படுவான்கரையிலிருந்து வரும். துணியும் உப்பும் கருவாடும் எழுவான்கரையிலிருந்து போகும். தோணியிலும், ‘பாதை’ என்று சொல்லும் மிதவையிலும், மாட்டு வண்டிலிலும் நடந்த வியாபாரம் இது. கொள்ளிக்கட்டோடு வாசலில் நிற்பவளுக்கு நம் உம்மம்மா ‘ராத்தா’. நம் வீட்டாருக்கு அவள் ‘அக்கா’.

சரி, பேச்சுக்கு வருவோம். கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் இவர்கள் பேசுவது ஊர்வம்பு என்றுதான் நாம் நினைப்போம். வம்பும் இருக்கும், இல்லாமலா! ஆனால் பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

“என்னகா, இது பச்சையா கிடக்கு. இண்டைக்கே குடுக்கப் போறியா?”

“குடுக்காம? வீட்டில அரிசி இல்ல.”

“பிளந்து ரெண்டு வெயில் காட்டிக் குடு. மறுகா அந்த ராத்தா உன்னட்ட வாங்கமாட்டா.”

இந்த மூன்று வரிக்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலோ ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. பச்சை விறகை எடைபோட்டு வாங்கினால் பாதிப் பணத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறீர்கள். அதோடு போகிறதா? அடுப்பில் வைத்ததும் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். சூடு குறையும், சூடு குறைந்தால் விறகு முழுதாக எரியாமல் புகையாகும். புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகுதான். கண்ணும் எரிகிறது, காசும் போகிறது.

வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பட்டையோடு உருண்டையாகக் கிடக்கும் கட்டை சீக்கிரம் காயாது. தண்ணீர் நரம்பு வழியாகவே ஓடும். பட்டை அதை வெளியே விடாது. பிளந்து போட்டால்தான் காயும். காய்ந்ததற்கு அடையாளம், வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும். பச்சை என்றால் ‘சொத்’தென்று சத்தமே எழாது. அடுத்த முறை வாங்கும்போது தட்டிப் பாருங்கள். விற்கிறவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்!

மரத்துக்கு மரம் குணம் வேறு. வீரை நின்று எரியும். பாலை இரும்பு போன்றது. தண்ணீரில் போட்டால் தாழும். ஆனால் பாலைப்பழம் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தில் கோடரி வைக்க மனம் வருமா? தென்னங்கட்டை சோம்பேறி, தண்ணீரைக் குடித்துக்கொண்டு புகையும். ஆனால் அதே தென்னையின் கொக்கறையும் பாளையும் நெருப்பு மூட்ட அருமையானவை. சிரட்டைத் தணலுக்கு ஈடு ஏது? வாவிக்கரைச் சதுப்பில் தில்லை என்றொரு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். தெரியாத பிள்ளை கத்தியை எடுத்துக்கொண்டு அதனிடம் போனால், “டேய், அது தில்லை” என்று ஒரு குரல் வரும். வெறும் பேச்சு அல்லவே அது; ஒரு பிள்ளையின் கண்!

கண்டல் மரங்களையும் ஒரு காலத்தில் விறகுக்கு வெட்டினார்கள். அவற்றின் வேருக்குள்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 2015இல் இலங்கை தன் கண்டற் காடுகள் முழுவதையும் பாதுகாப்பதென்று அறிவித்தது. அந்தத் திட்டத்தில் கரையோரப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து வேறு தொழில் காட்டுவதென்றும் முடிவாயிற்று. தடை போடும்போதே அடுத்த வேளை அடுப்பையும் நினைத்தார்களே, அது நல்ல யோசனை என்றே எனக்குப் படுகிறது. அரச காட்டில் வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். விழுந்த சுள்ளி பொறுக்குகிறவளுக்கும் லொறியில் மரம் கடத்துகிறவனுக்கும் வித்தியாசம் தெரிந்த அதிகாரி வாய்த்தால் அவள் அதிர்ஷ்டம்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வெல்லாவெளிப் பக்கத்தில் யானைத் தொல்லை கதையல்ல. வயலுக்கும் காட்டுக்கும் போனவர்கள் உயிரோடு திரும்பாத வீடுகள் அங்கே உண்டு. காலையில் புறப்படும் பெண்கள் முதலில் கேட்பது, “ராவு எந்தப் பக்கம் வந்தது?” என்பதைத்தான். லத்தி சூடாகக் கிடந்ததா, வேலி எங்கே முறிந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது பொழுதுபோக்கல்ல. அவர்களுக்கு அதுதான் செய்தித்தாள். கிளை கழிக்க மரமேறுகிற ஆண்களுக்கு வேறு பயம். கையில் கத்தி, இடுப்பில் கயிறு, காலுக்குக் கீழே முப்பது அடி. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை வயதானவர்கள் இன்றும் காலக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். ‘அது சூறாவளிக்கு முந்தின தென்னை’ என்றால் போதும், மரத்தின் வயது விளங்கிவிடும்.

இவ்வளவையும் தாண்டி ஒரு கட்டு நம் வாசலில் இறங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? பத்து ரூபாய் குறை என்கிறோம்.

ஒரு செய்தி அபூதாவூத் தொகுப்பில் வருகிறது. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டுப் பொருள்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக்கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றதற்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பூட்டிக்கொடுத்து, விறகு வெட்டி விற்றுவா, பதினைந்து நாள் உன்னை நான் இங்கே காணக்கூடாது என்று அனுப்பினார்கள். பத்துத் திர்ஹத்தோடு அவர் திரும்பி வந்தார். விறகுத் தொழிலின் மரியாதை அப்படிப்பட்டது. மதத்தால் வேறானவள் என்பதால் நம் வாசலில் நிற்கும் அக்காவின் வியர்வை வேறாகிவிடுமா?

இந்த உறவும் ஒருமுறை அறுந்தது. 1990இல் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் இரத்தம் சிந்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை நம் சமூகம் மறக்க முடியாது. எதிர்க்கரையிலும் அப்படி மறக்க முடியாத பெயர்கள் உண்டு. ‘ராத்தா’வும் ‘அக்கா’வும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்த காலம் அது. நடுவே சோதனைச் சாவடிகள். பிறகு மெல்ல மெல்ல வந்தார்கள். தயிர்ச்சட்டியும் கொள்ளிக்கட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2014இல் மண்முனையில் பாலமும் திறக்கப்பட்டது. பாலம் வருமுன்பே வாசல்களைத் திறந்தது இந்தச் சில்லறை வியாபாரம்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் வந்தது காஸ் நெருக்கடி. 2021 கடைசியில் சிலிண்டர் வெடிப்புகள், 2022இல் தட்டுப்பாடு. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாய் ஆனது; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரவு பகலாக வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்கள் கடைசியில் கொள்ளியைத் தேடினார்கள். விறகு வாங்கவே மறந்துபோன இளம்பெண்கள் பச்சைக்கட்டையை வாங்கி, சொப்பிங் பையைக் கொளுத்தி மூட்டி, இருமிக்கொண்டே சமைத்தார்கள். சகோதரிகளே, பிளாஸ்டிக்கை அடுப்பில் வைக்காதீர்கள். அதன் புகை நஞ்சு. ஒரு கொக்கறைத் துண்டு போதுமே!

புகையைச் சும்மா எண்ணிவிடவும் கூடாது. உலகில் 200 கோடிக்கு மேற்பட்டோர் இன்னும் திறந்த அடுப்பிலும் புகை அடுப்பிலும் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் இந்தப் புகையால் 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பூதுகிற தாய்மார்கள் இதை நினைக்க வேண்டும். நம் நாட்டில் ‘அனகி’ என்ற இரட்டை வாய் மண் அடுப்பு உண்டு. ஒரே நெருப்பில் இரண்டு சட்டி. மூன்று கல் அடுப்பைவிட விறகும் புகையும் குறைவு. அது கிடைக்காவிட்டால் விறகை விரலளவு, மணிக்கட்டளவு என்று மெல்லியதாகப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். வாயை அடைத்துத் திணித்தால் காற்றுப் புகாது. ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிள்ளையை வெளியே இருத்துங்கள்.

மட்டக்களப்பில் மாரி கார்த்திகை, மார்கழியில் கொட்டும். அப்போது காய்ந்த கொள்ளி தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் விலை சொல்லி முடியாது. வாடிக்கையான அக்காவிடம் புரட்டாசியிலேயே சொல்லிவைத்தால் பிளந்து, வெயில் காட்டி, கொண்டுவந்து தருவாள். நீங்கள் அதைப் பரணில் அடுக்கும்வரை நிற்பாள். ஒரு வாய்த் தண்ணீர் கேட்பாள். நேற்று ராவு யானை வந்த பக்கத்தைச் சொல்வாள். பாயைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.