தானே அணையும் விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துமா?

ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தால் வீட்டில் பெரியவர்களிடம் திட்டு வாங்குவது நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். அந்தத் திட்டுக்கு வேலை இல்லாமல் செய்யும் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. ஆள் நுழைந்தால் எரிந்து, வெளியேறினால் அணையும் விளக்கு. கைப்பேசியிலிருந்து நிறுத்தக்கூடிய ஏ.சி.; குறித்த நேரத்தில் தானே இயங்கும் கீசர். இவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மின்கட்டணம் வெகுவாகக் குறையும் என்கிறார்கள் விற்பவர்கள். உண்மையில் குறையுமா? இதற்கு விடை காண நீங்கள் வகுப்பில் படித்த ஒரே ஒரு சூத்திரம் போதும்.

செலவாகும் மின்னாற்றல் என்பது திறனையும் நேரத்தையும் பெருக்கி வருவது. 1000 வாட் திறனுள்ள ஒரு சாதனம் 1 மணி நேரம் இயங்கினால் 1 யூனிட். தானியங்கிக் கருவி எதுவும் பல்பின் திறனைக் குறைப்பதில்லை. அது வீணாக எரியும் நேரத்தை மட்டுமே குறைக்கிறது. மேலும், ‘எப்போது கட்டளை வரும்?’ என்று காத்திருப்பதற்காக அந்தக் கருவியும் நாள் முழுவதும் சிறிதளவு மின்சாரத்தை உண்கிறது. வரவு ஒருபுறம், செலவு ஒருபுறம். இரண்டையும் கணக்கிடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஓர் எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 9 வாட். தினமும் 3 மணி நேரம் எரிந்தால் செலவு 27 வாட்-மணி. இதற்குப் பதிலாகக் கைப்பேசியின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் 9 வாட் பல்பை மாட்டுகிறீர்கள். அணைந்திருக்கும்போதும் அது அரை வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 21 மணி நேரத்தில் அது 10.5 வாட்-மணியைச் செலவழித்துவிடும். நாம் அணைக்க மறக்கும் நேரம் நாளுக்கு 1 மணி என்றால், அந்தப் பல்பு நமக்கு மிச்சப்படுத்தித் தருவது 9 வாட்-மணி. அதாவது மிச்சத்தைவிடக் காவல்காரன் சம்பளம் அதிகம்! பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்திருந்தால் அதே 1 மணி நேரத்தில் 60 வாட்-மணி மிஞ்சியிருக்கும். எல்.இ.டி. விளக்கு வந்தபோதே அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை நாம் பெற்றுவிட்டோம். இரவெல்லாம் வீணாக எரியும் மாடிப்படி விளக்கின் கதை வேறு. அங்கே 10 மணி நேரத்தில் 90 வாட்-மணி போகிறது. தானியங்கி அங்கே தன் சம்பளத்துக்கு உழைக்கும்.

அப்படியானால் இந்தக் கருவிகளுக்கு ஏன் இவ்வளவு பெயர்? அதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் பணியாற்றினார். கடுங்குளிர்ப் பகுதி அது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கொதிகலன். வகுப்பறை சூடாக இருக்கிறதா, குளிர்கிறதா என்று பார்க்கப் பணியாளர் அடிக்கடி பாடத்தின் நடுவே உள்ளே வந்து போவார். இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட, அறையின் வெப்பநிலை மாறினால் கீழே இருப்பவருக்கு மின்சாரத்தின் மூலம் அறிவிக்கும் கருவியை ஜான்சன் அமைத்தார். 1883-ஆம் ஆண்டு மின்சார அறை வெப்பநிலைக் கட்டுப்படுத்திக்குக் காப்புரிமையும் பெற்றார்.

இன்றைய தானியங்கி வீடு இந்தக் கருவியின் பேரப்பிள்ளைதான். உணர்வதற்கு ஓர் உறுப்பு, முடிவு செய்ய ஓர் உறுப்பு, சுவிட்சைத் தட்ட ஓர் உறுப்பு. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே ஆற்றலின் பெரும்பகுதி செலவாவதால், ஆளில்லாத வேளையில் சூட்டைக் குறைக்கும் கருவி அங்கே நிறைய மிச்சப்படுத்துகிறது. அந்தக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்துவிடக் கூடாது.

நம் வீடுகளில் பெரிய தீனிக்காரர்கள் யார்? 1 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 1000 வாட், ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1500 வாட், கீசர் 2000 வாட். தானியங்கியை இவற்றின் பக்கம் திருப்பினால்தான் பயன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க மிதவை சுவிட்ச் ஒன்றே போதும். அதற்குக் கைப்பேசி தேவையில்லை. அரை மணி நேரம் வழிந்தால் அரை யூனிட் மின்சாரத்தோடு தண்ணீரும் அல்லவா போகிறது?

கீசரில் 15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 4.2 கிலோஜூல் வீதம் 2205 கிலோஜூல், ஏறத்தாழ 0.61 யூனிட். 2000 வாட் கீசருக்கு இது 18 நிமிட வேலை. அதற்குப் பிறகும் சுவிட்சை அணைக்காவிட்டால், கலத்தின் சுவர் வழியே வெப்பம் கசியக் கசிய, கீசர் மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். யாரும் குளிக்காத நண்பகலில் வெந்நீரைக் காத்து வைத்திருப்பதால் என்ன லாபம்? குளிக்கும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு இயக்கி, பிறகு நிறுத்தும் கடிகார சுவிட்ச் இங்கே மிக நல்ல கருவி.

சாதனங்களை இணைப்பதன் உண்மையான சுவையை ஏ.சி.யில் பார்க்கலாம். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. சரி, 27 டிகிரியில் வைத்தால்? வியர்க்குமே என்பீர்கள். அங்கேதான் மின்விசிறி துணைக்கு வருகிறது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலின் ஈரத்தை விரைவாக ஆவியாக்கி நமக்குக் குளிர்ச்சி தருகிறது. (ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி அந்த அறையைச் சற்றே சூடாக்கத்தான் செய்கிறது!) 24 டிகிரியில் ஓர் இரவுக்கு 6 யூனிட் செலவாகும் என்று கொள்வோம். 27-இல் சுமார் 18 விழுக்காடு, அதாவது 1.08 யூனிட் மிஞ்சும். 75 வாட் பழைய விசிறி 8 மணி நேரத்தில் 0.6 யூனிட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 0.48. பிரஷ் இல்லாத மோட்டாருள்ள 30 வாட் விசிறியானால் 0.24 மட்டுமே போய், 0.84 யூனிட் நிற்கும். ஏ.சி.யை 27-க்கு ஏற்றி, விசிறியையும் உடன் இயக்கும் ஒரே கட்டளைதான் பயனுள்ள இணைப்பு. இதோடு சன்னலில் ஒரு காந்த சுவிட்சைப் பொருத்தி, சன்னல் திறந்திருந்தால் ஏ.சி. நிற்கும்படி செய்யலாம். சுவர் சுவிட்சுகளுக்குள் கைவைக்கும் வேலையை மட்டும் மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

ஆளை உணரும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உடல் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. அவற்றில் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியவை அதிகம். கருவிக்குள் உள்ள படிகம் இந்தக் கதிர்வீச்சில் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே உணரும். ஆகவே அசையாமல் உட்கார்ந்து கணக்குப் போடும் மாணவர் அதற்கு ‘ஆளில்லாத அறை’தான்! விளக்கு பட்டென்று அணைந்துவிடும். படிப்பறையைவிட மாடிப்படிக்கும் குளியலறைக்கும் அது பொருத்தமானது.

காத்திருக்கும் கருவிகள் உண்ணும் மின்சாரம் உலகத்தையே யோசிக்க வைத்த ஒன்று. காத்திருப்பு நிலையில் எந்தச் சாதனமும் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கை 1999-இல் பன்னாட்டு எரிசக்தி முகமை முன்வைத்தது. உங்கள் வீட்டில் இது எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்றால், 1 யூனிட்டான 36 லட்சம் ஜூலை 3200-ஆல் வகுக்க, ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல்.

இரவில் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணையுங்கள். குளிர்பெட்டியின் மோட்டார் ஓய்ந்திருக்கும் சமயமாகப் பாருங்கள். மீட்டரைத் தொடாமல், கடிகாரத்துடன் எதிரே நின்று இரண்டு மினுக்கல்களுக்கு இடையேயுள்ள விநாடிகளை எண்ணுங்கள். 45 விநாடி என்றால் 1125-ஐ 45-ஆல் வகுக்க 25 வாட். ஆண்டுக்கு 219 யூனிட். பிறகு தொலைக்காட்சி, கேபிள் பெட்டி, இணையப் பெட்டி, புதிதாக வாங்கிய தானியங்கிக் கருவிகள் ஆகியவற்றின் செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். மினுக்கல்களின் இடைவெளி எந்தச் செருகியைக் கழற்றும்போது அதிகமாக நீளுகிறது என்று குறித்து வையுங்கள்.