எத்தனை திருநீர்மலை? ட்ரெயில் அல்ட்ராவுக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வரும். மலை, பனிமூட்டம், நடுவில் ஓடும் ஒரு ஆள். "50 கி.மீ. ட்ரெயில் அல்ட்ரா, யாரெல்லாம் வர்றீங்க?" அதுக்குள்ள ரெண்டு சீனியர் கை தூக்கியிருப்பாங்க. போன டிசம்பரில் 10 கி.மீ. ஓடி மெடல் வாங்கிய உங்களுக்கும் கை துறுதுறுக்கும். யுபிஐ-யில் பணம் கட்ட ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷக் கணக்குப் போடலாம், வாங்க.

மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.யைத் தாண்டினால் அது அல்ட்ரா. சாலை ஓட்டத்தில் தூரத்தை மட்டும் பார்த்தாலே ஓரளவு விஷயம் புரிந்துவிடும். ட்ரெயிலில் தூரம் பாதித் தகவல்தான். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பது மீதிப் பாதி. போஸ்டரில் அது ஒரு மூலையில் குட்டி எழுத்தில் இருக்கும்.

"ஏற்றம் 2,000 மீட்டர்" என்று படித்தால் நமக்கு மனசில் எந்தப் படமும் வராது. சென்னை அவ்வளவு தட்டை. அதனால் திருநீர்மலையையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கும், சினிமாவில் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணும் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கும் இந்த மலை தெரியும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மேலே ரங்கநாதர். உயரம் சுமார் 200 அடி, அதாவது ஏறக்குறைய 60 மீட்டர். 2,000 மீட்டர் என்றால் 33 திருநீர்மலை. ஒரே நாளில், 50 கி.மீ. தூரத்துக்கு நடுவில். ஏறியது போலவே இறங்கவும் வேண்டும். தொடைத் தசை அதிகம் அடிவாங்குவது இறக்கத்தில்தான். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் யு.டி.எம்.பி. போட்டியில் ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். அது 165 திருநீர்மலைக்கு மேல்!

இதைத் தூரத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம் பயன்படுத்துவது. ஏற்றத்தை (மீட்டரில்) 100-ஆல் வகுத்து, கி.மீ. தூரத்தோடு கூட்டுங்கள். 50 + 20 = 70. ஆக அந்த 50 கி.மீ. ரேஸ், உழைப்பில் 70 கி.மீ.

இனி கட்-ஆஃப். நீங்கள் ஒரு மாரத்தானை ஐந்தரை மணி நேரத்தில் முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 7.7 கி.மீ. 70-ஐ 7.7-ஆல் வகுத்தால் சுமார் 9.1 மணி நேரம். ரேஸ் கட்-ஆஃப் 12 மணி நேரம் என்றால், "அட, மூணு மணி நேரம் மிச்சம் இருக்கே" என்று தோன்றும். சோர்வு, சாப்பாடு, தண்ணீர் நிரப்புவது, கல்லும் வேரும் நிறைந்த பாதை என்று 30 சதவீதம் சேர்த்துப் பாருங்கள். 11.8 மணி நேரம். மிச்சம் 12 நிமிஷம்! கால் ஒரு தடவை பிசகினால் அதுவும் போச்சு. மாரத்தான் முடித்தவருக்கே இதுதான் நிலைமை. 10 கி.மீ. மட்டும் ஓடியவர் என்ன செய்யணும்னு நான் சொல்லத் தேவையில்லை.

பெரிய போட்டிகள் இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் சாலை அல்ட்ராவுக்குத் தகுதி நேரம் காட்ட வேண்டும். லடாக்கில் 17,000 அடிக்கு மேல் ஏறி இறங்கும் 72 கி.மீ. கர்துங் லா சேலஞ்சுக்கு முன்னனுபவம் கேட்பார்கள், உடல் பழகுவதற்காக முன்கூட்டியே வரவும் சொல்வார்கள். பணம் கட்டினாலே சேர்த்துக்கொள்ளும் ரேஸில் அந்தத் தேர்வாளர் வேலையை நீங்கள்தான் பார்க்கணும்.

ஆனால் உடல் தகுதி மட்டும் போதாது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். வழியில் திடீரென்று சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை, கடுங்குளிர். பலர் மெல்லிய உடையில் இருந்தார்கள், வாகனம் போக முடியாத ஏற்றத்தில் மாட்டிக்கொண்டார்கள். 21 பேர் இறந்தார்கள். அதில் சீனாவின் முன்னணி அல்ட்ரா வீரர் லியாங் ஜிங்கும் ஒருவர். அவரைவிடத் திறமைசாலி நம்மில் யார்? அந்தப் பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினார்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. போனவர்கள் ஓட்டக்காரர்கள் இல்லை, மலையேற்றக் குழுவினர். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மார்ச் மாதம் நம் மலைகளில் புல் காய்ந்து கிடக்கும் காலம். எந்த மாதம், எந்தக் காடு, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கால் வலிமைக்கு முன்னால் வரும் கேள்விகள்.

ஆகவே பெயர் கொடுக்கும் முன் அமைப்பாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்:

1. மொத்த ஏற்றம் எவ்வளவு? பெரிய ஏற்றம் எத்தனையாவது கி.மீ.யில்?
2. இரண்டு உதவி மையங்களுக்கு நடுவில் அதிகபட்சத் தூரம் என்ன? அங்கே ஜீப் வருமா?
3. வானிலை மாறினால் ரேஸை நிறுத்துவது யார், எப்படித் தகவல் வரும்?
4. ஜாக்கெட், விசில், ஹெட்லைட் கட்டாயமா? கட்டாயம் இல்லை என்றாலும் எடுத்துப் போங்கள்.

பதில் மழுப்பலாக வந்தால், அந்த ரேஸ் உங்களுக்கு வேண்டாம்.

பயிற்சிக்கு மலை இல்லையே என்று கவலை வேண்டாம். திருநீர்மலை கோயில் படி, பக்தர்கள் போகும் வழி. அங்கே ஒருமுறை நிதானமாக ஏறி, மூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள், போதும். மீதியை ஹாஸ்டல் மாடிப்படியில் வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு 3 மீட்டர் என்றால் நாலு மாடி 12 மீட்டர். அஞ்சு தடவை ஏறி இறங்கினால் ஒரு திருநீர்மலை. அதை ஒரே மூச்சில் பத்து திருநீர்மலை வரை சில மாதங்களில் கொண்டுவந்தால், 600 மீட்டர் ஏற்றமுள்ள ஒரு 20 அல்லது 25 கி.மீ. ட்ரெயிலுக்குத் தைரியமாகப் பெயர் கொடுக்கலாம். அதை முடித்து மறுநாள் கிளாஸுக்கு நொண்டாமல் நடந்து வர முடிகிறதா? அப்புறம் அந்த 50 கி.மீ. போஸ்டரைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

நடுவழியில் முடியவில்லை என்று தோன்றினால் அடுத்த மையத்தில் நம்பர் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறுங்கள். ரேஸ் அடுத்த வருஷமும் நடக்கும்.