உங்களுக்குத் தெரியுமா? மண் இல்லாத் தோட்டத்துக்கு நாமே கலக்கும் சத்துக் கரைசல்

◆ ஹைட்ரோபோனிக்ஸ் தோட்டத்துக்கென்று ‘ஏ’, ‘பி’ என இரண்டு பாட்டில்களில் விற்கும் கரைசலில் ரகசியம் எதுவும் இல்லை. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட் ஆகிய நான்கு உப்புகள்தான் அடிப்படை. கூடவே இரும்பும் துளித்துளி நுண்ணூட்டங்களும். சொட்டுநீர் போடும் விவசாயிகள் ஆண்டு முழுக்க வாங்குகிற சரக்கு இது. உரக்கடையில் பெயரைவிட எண்ணைச் சொன்னால் சட்டென்று எடுத்துத் தருவார்கள்: 13:0:45 என்றால் பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். மெக்னீசியம் சல்பேட், வீட்டுப் பெரியவர்கள் அறிந்த பேதியுப்புதான்.

◆ செடி எதைத் தின்று வளர்கிறது என்று பார்க்க, இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினாவைக் குடுவைகளில் வளர்த்தார். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்டத்து மண் கரைத்த நீர் என்று பிரித்து வைத்து எடை போட்டார். தெளிந்த நீரில் எடை குறைவாக ஏறியது, மண் கரைந்த நீரில் கூடுதலாக. அவர் அதை வெளியிட்டது 1699-ல்.

◆ மண்ணுக்குள் இருந்த அந்தப் பொருள் என்ன என்பதை 1860 வாக்கில் ஜெர்மானியர்கள் யூலியஸ் ஸாக்ஸும் வில்ஹெல்ம் கினாப்பும் உப்பு உப்பாகப் பிரித்துக் காட்டினார்கள். கினாப்பின் கலவையை இன்றைக்கு நாம் வாங்கும் நான்கு உப்புகளோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது.

◆ 1930-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் கெரிக் 25 அடி உயரத் தக்காளிக் கொடியைத் தண்ணீரிலேயே வளர்த்துக் காட்ட, நாடே பரபரத்தது. அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லாந்தும் டேனியல் ஆர்னனும் நிதானமாக ஆராய்ந்து, 1938-ல் செய்முறையை அளவுகளோடு சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். நல்ல மண்ணில் கிடைப்பதைவிடத் தண்ணீரில் விளைச்சல் அதிகம் என்று சொல்ல முடியாது என்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அது போற்றத்தக்கது. ஹோக்லாந்து கரைசல் உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் புழங்குகிறது.

◆ செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மற்ற 14 வேர் வழியாக வர வேண்டும். கடைசியாகப் பட்டியலில் சேர்ந்தது நிக்கல், 1987-ல். மாலிப்டினம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் இருந்தால் போதும். அதாவது, ஒரே ஒரு கிராம் மாலிப்டினம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எட்டுக்குப் போதும்!

◆ கீரை, புதினா, லெட்டூஸ் வளர்க்க வீட்டளவில் இந்தக் கணக்கு நன்றாக ஒத்துவரும்.

‘ஏ’ பாட்டில்: ஒரு லிட்டர் நீரில் கால்சியம் நைட்ரேட் 80 கிராம், 12 சத இரும்புள்ள இடிடிஏ இரும்பு 1.7 கிராம்.

‘பி’ பாட்டில்: ஒரு லிட்டர் நீரில் 13:0:45 உரம் 40 கிராம், 0:52:34 உரம் 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம்.

10 லிட்டர் தண்ணீருக்கு ‘ஏ’யில் 100 மில்லி ஊற்றிக் கலக்கி, பிறகு ‘பி’யில் 100 மில்லி ஊற்ற வேண்டும். லிட்டருக்குச் சுமார் 175 மில்லிகிராம் தழைச்சத்து, 45 பாஸ்பரஸ், 205 பொட்டாசியம், 150 கால்சியம், 39 மெக்னீசியம், 2 இரும்பு கிடைக்கும். இளம் நாற்றுக்கு இதில் பாதி போதும். 1.7 கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. நகைக்கடையில் பார்ப்பீர்களே, 0.01 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு, அதை வாங்கிவிடுங்கள்.

◆ இதோடு சேர்க்கும் நுண்ணூட்டப் பொடியில் கவனம் வைக்க வேண்டியது போரான். பாக்கெட்டில் இலைத்தெளிப்புக்கென்று போட்டிருக்கும் அளவை அப்படியே தொட்டியில் கொட்டினால் போரான் மிஞ்சி இலை ஓரம் கருகும். பாக்கெட்டில் அச்சிட்ட போரான் சதவீதத்தைப் பார்த்து, தொட்டி நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டாதபடி கணக்குப் போட்டுச் சேருங்கள்.

◆ ஏன் இரண்டு பாட்டில்? ‘ஏ’யிலும் ‘பி’யிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மோர் போல வெளுத்து, அடியில் வண்டல் தங்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் சல்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும் ஜிப்சமாகவும் இறுகிவிடுகின்றன. வண்டலாகப் போன சத்து வேருக்குக் கிடைக்காது. தொட்டி நிறையத் தண்ணீரில் நீர்த்த பிறகு சந்தித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

◆ பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைக்கும்போது பாத்திரம் சில்லென்று ஆகும். இதுதான் வெடியுப்பு. அக்பர் காலத்தில் குடிநீரைக் குளிர்விக்க இதைப் பயன்படுத்தியதை ‘அயினி அக்பரி’ பதிவு செய்திருக்கிறது. நைட்ரேட் உப்புகள் தீயைத் தூண்டும். அடுப்பு, மண்ணெண்ணெய் பக்கம் வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது. கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும் என்பதால் இறுக்கமாக மூடும் டப்பா தேவை.

◆ ‘ஆல் 19’ எனப்படும் 19:19:19 மட்டும் போட்டால் போதாதா? போதாது. அதில் கால்சியம் இல்லை, தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்துத் தரும். புதுத் தண்ணீரில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இங்கே தடுமாறுவதும் இதனால்தான். அவை மண்ணுக்கு அருமையானவை, மண்ணிலேயே இருக்கட்டும்.

◆ 0:52:34 என்றால் பாதிக்கு மேல் பாஸ்பரஸ் என்று எண்ண வேண்டாம். மூட்டையில் அச்சிடுவது ஆக்ஸைடு கணக்கு. உண்மைப் பாஸ்பரஸ் 22.7 சதம், பொட்டாசியம் 28 சதம் அளவில்தான்.

◆ ஒரே கரைசலை இரண்டு டிடிஎஸ் மீட்டர்களில் அளந்தால் ஒன்று 800, இன்னொன்று 1,120 காட்டலாம். இரண்டும் பழுதல்ல. மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே. அதை ஒரு கம்பெனி 500-ஆல் பெருக்குகிறது, இன்னொன்று 700-ஆல். ஆகவே மின்கடத்துதிறனை நேராகக் காட்டும் ‘இசி’ அளவைப் பாருங்கள். மேலே சொன்ன கலவை சுத்தமான நீரில் 1.6 அல்லது 1.7 காட்டும்.

◆ கலக்குவதற்கு முன் வெறும் தண்ணீரை அளப்பதுதான் முதல் வேலை. போர் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியமும் பைகார்பனேட்டும் இருக்கும், பல இடங்களில் சோடியமும் இருக்கும். சோடியத்தைக் கரைசலிலிருந்து பிரித்தெடுக்க வீட்டில் வழியில்லை. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீர் இன்னும் மோசம். தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு உங்கள் மொட்டைமாடியில் ஒழுங்காக இருந்தால் அதைவிடச் சிறந்த நீர் கிடையாது.

◆ பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்ச பிஎச் ஏறும், அம்மோனியத்தை உறிஞ்சினால் இறங்கும். எலுமிச்சைச் சாறு இறக்கும்தான், ஆனால் அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் மறுபடி ஏறிவிடும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

◆ புதுத் தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புக் குறை. அடியிலைகளில் அதே தோற்றம் என்றால் மெக்னீசியம். செடி மெக்னீசியத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது. இரும்பு வாங்கிப் போட்டும் வெளிறல் தீரவில்லையா? பிஎச் பாருங்கள். 6.5-க்கு மேல் இரும்பைப் பற்றிவைத்திருக்கும் இடிடிஏ-வின் பிடி தளர்ந்துவிடும். வெயிலும் அதைச் சிதைக்கும், ‘ஏ’ பாட்டிலை இருட்டில் வையுங்கள்.

◆ 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை வெயிலில் வேர் பழுப்பேறி அழுகக் காரணம் பல நேரம் உரமல்ல, மூச்சுத்திணறல். தொட்டியை நிழலில் வைத்து வெள்ளைத்துணி போர்த்தி, மீன் தொட்டி ஏர் பம்ப் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

◆ இந்தியாவில் மண் இல்லாத் தோட்டத்தை ஏழைக்கும் எட்டும்படி செய்ய முனைந்தவர் ஷோல்டோ டக்ளஸ். 1946-ல் காளிம்பொங்கில் தொடங்கிய அவருடைய ‘வங்க முறை’யில் பம்ப் கிடையாது, மீட்டர் கிடையாது. சரளையும் மணலும் நிரப்பிய படுகையில் உலர்ந்த உப்புக் கலவையைத் தூவி நீர் ஊற்றுவார்கள். இன்றைய விலையுயர்ந்த கருவிப் பெட்டிகளைப் பார்க்கும்போது அவரை மறுபடி படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

◆ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றும்போது பழையதைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள், அதில் நைட்ரேட் மிச்சம் இருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, தொட்டிச் செம்பருத்திக்கோ கொல்லை வாழைக்கோ ஊற்றலாம்.