ஆனந்த் ஆடிய சோவியத் கட்டிடம்!

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மும்பை தமிழர்கள், சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரிரங்கன் சாலையில் ஒரு கட்டிடத்தைப் பார்க்கலாம். இன்று அதன் பெயர் ரஷிய இல்லம். ஒரு காலத்தில் அது சோவியத் கலாசார மையம்.

சோவியத் என்றதும் பலருக்குப் பழைய ஞாபகம் வரும். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். கெட்டி அட்டை, விலையோ சொற்பம். "சோவியத் நாடு" பத்திரிகையின் வழவழப்பான தாளைக் கிழித்துப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டவர்கள் எத்தனை பேர்! இந்தியாவின் நட்புக்காக மாஸ்கோ செய்த செலவு அது. கலாசார மையமும் அந்தக் கணக்கில் வந்ததுதான்.

ஆனால் அங்கே விளைந்தது சதுரங்கம்.

டால் கிளப்

1960-ல் உலக சாம்பியனான மிகயில் டால் பெயரில் எழுபதுகளில் அங்கே ஒரு செஸ் கிளப் நடந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் அதற்கு முன்னின்றார். மின்னல் ஆட்டத்தில் ஒரே சட்டம்: ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து, மறுபடி தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பெரியவர், சிறியவர் என்ற பேச்சே இல்லை.

அந்த வரிசையில் நின்ற சிறுவன்தான் விசுவநாதன் ஆனந்த். தாய் சுசீலாவிடம் ஆட்டம் பழகியவர். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2000-ல் உலக சாம்பியன். 2024-ல் 18 வயதில் உலகப் பட்டம் வென்ற சென்னை குகேஷ், ஆனந்தின் அகாடமியில் பயிற்சி பெற்றவர்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு, பொது இடத்தில் ஒரு மேஜையும் நாற்காலியும் கிடைப்பதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கொடி இறங்கியது

1991 டிசம்பர் 25 அன்று கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. டால் பிறந்த ரிகா, இன்று லாத்வியா என்ற தனி நாட்டின் தலைநகர். சென்னையிலோ பெயர்ப் பலகைதான் மாறியது, கதவு மூடவில்லை. சென்னை சர்வதேச திரைப்பட விழாவின் படங்கள் அந்த அரங்கில் ஓடியிருக்கின்றன. ரஷிய மொழி வகுப்பு உண்டு. ஓவியக் கண்காட்சி, நடனம் உண்டு. ரஷியாவில் மருத்துவம் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர், கல்விக் கண்காட்சிக்கு வந்து கட்டணம் விசாரிக்கிறார்கள்.

மும்பையிலும் பெடர் ரோட்டில் இதேபோல ஒரு ரஷிய இல்லம் இருக்கிறது. மகாலட்சுமி கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அது தூரம் இல்லை.