வெள்ளை அணுக்கள் குறைந்தால்…

காய்ச்சலில் துவண்ட குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். 'டோட்டல் கவுன்ட் 3,000' என்று ரிப்போர்ட் வருகிறது. டெங்கு காலத்தில் பிளேட்லெட்டை மட்டுமே பார்த்துப் பழகிய பெற்றோருக்கு இந்த எண் புதிது. உடனே ரத்தப் புற்றுநோயோ என்று மனம் பதறுகிறது. பெரும்பாலும் அந்தப் பதற்றத்துக்கு அவசியமில்லை. குழந்தைகளுக்கு வெள்ளை அணுக்கள் தற்காலிகமாகக் குறைய முதன்மையான காரணம் வைரஸ் தொற்றுதான். இன்ஃப்ளூயன்சா, தட்டம்மை, சின்னம்மை எல்லாமே இதைச் செய்யும். டெங்குவிலோ பிளேட்லெட் இறங்கும் முன்பே வெள்ளை அணுக்கள் இறங்கத் தொடங்கிவிடும்.

மொத்த எண்ணிக்கையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. பாக்டீரியாவை விழுங்கி அழிக்கும் நியூட்ரோபில் அணுக்கள் அதில் எத்தனை என்பதே முக்கியம். 3,000-இல் நியூட்ரோபில் 15 சதவீதம் என்றால் 450. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குப் பொதுவாக 1,500-க்கு மேல் இருக்க வேண்டும்; 500-க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு.

நியூட்ரோபில் ரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம்தான். அதனால் எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வைரஸ் இந்த உற்பத்தியை மந்தமாக்குகிறது. இருக்கும் அணுக்களிலும் ஒரு பகுதி ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் அவை வராது. பெரும்பாலும் காய்ச்சலின் முதல் ஓரிரு நாளில் தொடங்கும் இந்தக் குறைவு, ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். சிலருக்குச் சில வாரங்கள் ஆகலாம். கீமோதெரபி எடுக்கும் குழந்தையோடு இதை ஒப்பிடக் கூடாது. மற்றபடி ஆரோக்கியமான குழந்தைக்கு, இந்தக் குறுகிய காலத்தில் கடுமையான பாக்டீரியா தொற்று வருவது அரிது.

அரிது என்பதற்காக அசட்டையாக இருந்துவிடவும் முடியாது. சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோபில்களின் குவியல். அந்த அணுக்களே இல்லாதபோது புண்ணில் சீழ் வைக்காது, சிவப்பும் வீக்கமும்கூடக் குறைவாகவே தெரியும். உள்ளே தொற்று பரவுவதற்குக் காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம்.

மாதக்கணக்கில் எண்ணிக்கை ஏறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். கைக்குழந்தைகளில் உடலே தன் நியூட்ரோபில்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்குவது உண்டு. அதுவும் பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே மறையும். பிறவிக் குறைபாடு அப்படியல்ல. ஸ்வீடன் மருத்துவர் ரோல்ஃப் கோஸ்ட்மன் 1956-இல் விவரித்த குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் வயதைக்கூடத் தாண்டவில்லை. மஜ்ஜையைத் தூண்டும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி வந்த பிறகு இன்று அத்தகைய குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள்.

கவுன்ட் குறைந்திருக்கும் குழந்தைக்கு மீண்டும் காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டாலோ, வாயில் புண் வந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். குழந்தை ஓடியாடி விளையாடினாலும், மருத்துவர் குறித்துக் கொடுத்த மறுபரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.